திருப்பூரில் எடுத்த மூன்று எக்ஸ்ரேக்கள்

மூன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சம்மதித்தது சரியா? ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. கணவரைக் கேட்டால் "முடிஞ்சத விடு" என்கிறார். டாக்டர்களைக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். அவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறவர்களிடம் அடுத்த கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

நாங்கள் இருப்பது மஸ்கட்டில். குழந்தைகள் துணி விற்கும் ஒரு நிறுவனத்தில் என் கணவர் பிரபு கொள்முதல் பார்க்கிறார். அவ்வப்போது திருப்பூருக்கு வந்து, கப்பலில் ஏறப்போகும் சரக்கைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இந்த முறை என்னையும் மகள் ரித்துவையும் கூட்டிக்கொண்டு வந்தார். வேலை முடிந்ததும் நாகர்கோவிலுக்குப் போய் என் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்திருந்தும் திருப்பூர் எனக்குப் புது ஊர்.

நாங்கள் தங்கியது ராதாமணி அக்கா வீட்டு மாடியில். வெளிநாட்டிலிருந்து சரக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு அவர் மாடியை வாடகைக்கு விடுகிறார். கீழே அவர்கள் குடும்பம், பின்னால் அவர் கணவரின் தையல் யூனிட். படியேறும்போதே மெஷின் சத்தம் காலில் அதிர்ந்தது. அக்கா ரித்துவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி இது:

"ஏனுங்க, பாப்பா இத்தன எளைச்சிருக்குது? உங்க ஊட்டுல சோறு போடறதில்லீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க அது உள்ளே கிடந்து உறுத்தியது. மஸ்கட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தையின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அங்கே அது குறையாகத் தெரிந்தது. இங்கே வந்த முதல் மணி நேரத்தில் அதுவே வசதியாகத் தோன்றியது.

மதியம் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சாதம், மேலே ஊத்துக்குளி நெய். ரித்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள், சாப்பிட்டுவிட்டு இருமினாள். இருமல் மஸ்கட்டிலேயே தொடங்கியது. அங்கே சிரப் கொடுத்தார்கள், குறையவில்லை. அக்கா உள்ளே போய் ஒரு பனியனை எடுத்து வந்து அவளுக்குப் போட்டுவிட்டார். நெஞ்சில் பெரிய மஞ்சள் வாத்து, அதன் மூக்கும் இறக்கையும் பொன்னிறத்தில் மின்னின. "சாம்பிளுங்க. எந்தக் கடையிலயும் கெடைக்காது. போட்டுக்க சாமி" என்றார். நாங்கள் துணி என்று சொல்வதையெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் பனியன் என்றே சொல்கிறார்கள், டி-ஷர்ட்டாக இருந்தாலும். ரித்து அன்று அந்த வாத்தோடுதான் தூங்கினாள்.

மறுநாள் காலை குழந்தை டாக்டரிடம் கிளம்பினோம். கொஞ்ச தூரத்திலேயே டாக்சி நின்றுவிட்டது. முன்னால் போன மொபெட்டில் ஓட்டுகிறவரின் தலை தெரியாத உயரத்துக்குத் துணி ரோல் அடுக்கியிருந்தது. பள்ளத்தில் இறங்கியதும் அத்தனையும் சரிந்து சாலையின் குறுக்கே நீலமாக விரிந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்தன, யாரும் திட்டவில்லை. நாலைந்து பேர் இறங்கி ரோலைச் சுருட்டிக் கொடுத்தார்கள். பிரபுவும் இறங்கினார். உதவத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் துணியின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஐம்பதைத் தாண்டியவர். ரித்துவின் முதுகிலும் நெஞ்சிலும் நெடுநேரம் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். "நெஞ்சு சுத்தமா இருக்குதுங்க. ஆனா இருமல் நாளாயிருச்சு, எடையும் ஏறல. ஒரு படம் எடுத்துப் பாத்துரலாம்" என்று ஸ்கேன் சென்டருக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் சென்டரில் உட்கார இடமில்லை. பாதிப் பேர் வடநாட்டிலிருந்து வந்த கம்பெனித் தொழிலாளர்கள். என் முன்னால் ஓர் இளைஞன் நர்ஸிடம் இந்தியில் கேட்டான்: "ரிசல்ட் மெஷின் சொல்லுமா, டாக்டர் சொல்வாரா?" நர்ஸ் பூங்கொடியக்கா திருப்பூர் இந்தியில் பதில் சொன்னார்: "முதலில் அவர் சொல்வார். அப்புறம் டாக்டர் சொல்வார்." அவர் யார் என்று நான் தமிழில் கேட்டேன். அக்கா மேசை மேலிருந்த கம்ப்யூட்டரைக் கை காட்டினார். "ஏஐ-ங்க. போன வருசம் வந்தாரு. படம் விழுந்ததும் மொதல்ல அவருதான் பாப்பாரு. டீ குடிக்கப் போகமாட்டாரு, அது ஒண்ணு நிம்மதி."

படம் எடுப்பவள் சரண்யா. குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாளாம். செயின், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். பனியனைத் தொட்டதும் ரித்து வாத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அலறினாள்.

"பனியன்தானுங்க்கா, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் சரண்யா. "காட்டன் படத்துல விழுகாது. பட்டன், ஜிப்பு இருந்தாத்தான் கழட்டோணும். நம்மூர்ல கம்பெனியில இருந்து அப்படியே பனியனோட வருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் கழட்டி மாட்டிட்டிருந்தா நான் எப்ப ஊட்டுக்குப் போறது?"

எனக்குப் பெரிய ஆறுதல். கனமான கவசக் கோட்டை மாட்டிக்கொண்டு ரித்துவின் கைகளைத் தூக்கிப் பிடித்தேன். நொடியில் முடிந்துவிட்டது. படம் திரையில் வருவதற்குள் சரண்யா அந்த ஏஐயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் படம் கொஞ்சம் சாய்ந்து விழுந்தால், கோயமுத்தூரில் இருந்தபடியே படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் சாரிடம் சாயங்காலம் போனில் திட்டு வாங்குவாளாம், இப்போது அப்போதே அது சொல்லிவிடுகிறதாம்.

"உங்க வேலைக்கு அதனால பிரச்சினை வராதா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க்கா, உங்க பாப்பாவ அது வந்து புடிச்சுக்குமாக்கும்? சாருக்குத்தான் பயம். எனக்கென்ன" என்று சிரித்தாள்.

அதற்குள் படம் வந்தது. குட்டிக் குட்டி விலா எலும்புகள். இடது பக்கம் மேலே ஏஐ பூசிய ஒரு சிவப்புத் திட்டு, சுற்றிலும் மஞ்சள். சரண்யாவின் சிரிப்பு நின்றது. "சார் பாத்துச் சொல்லுவாருங்க்கா" என்று மட்டும் சொல்லித் திரையை அந்தப் பக்கம் திருப்பினாள்.

மாலையில் ரிப்போர்ட் வந்தது. ஸ்கேன் சென்டர் டாக்டர் எழுதியது: நெஞ்சு இயல்பாக உள்ளது. அதோடு இணைத்திருந்த, ஏஐ சிவப்பு பூசிய கணினிப் படம் சொன்னது: காசநோய்ச் சந்தேகம், பரிசோதிக்கவும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாதாரண எக்ஸ்ரேயில் சிவப்பு இருந்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கித் தேடினேன். ஒரு நேரம் ஏதோ இருப்பதுபோல் இருந்தது, ஒரு நேரம் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "பிள்ளைக்கு ஒண்ணும் இருக்காது மக்ளே, நீ ஆற அமர இரி" என்றாள். வைத்த பத்தாவது நிமிடம் அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

மூன்றாம் நாள் மறுபடியும் டாக்டரம்மா. கணினிப் படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் முன்னாலேயே ஸ்கேன் சென்டர் டாக்டரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"டாக்டர், சின்னக் கொழந்தைங்க படத்துக்கு இதப் போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? பெரியவங்க படத்தப் பாத்துப் பழகினதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மேடம், நாங்க போடறதில்லீங்க, எல்லாப் படத்தையும் அதுவே எடுத்துப் பாத்துருது. கொழந்தைங்களுக்கு மட்டும் எப்படி நிறுத்தறதுன்னு இங்க யாருக்கும் தெரியல. கம்பெனிக்காரன் வர்றேன் வர்றேன்கறான்."

"சரி, நீங்க பாத்தீங்களா? உங்களுக்கு என்ன தெரியுது?"

"எனக்கு ஒண்ணும் தெரியல மேடம். ஆனா அது மார்க் பண்ணிருச்சு. அதுக்கப்பறமும் நான் கம்முன்னு விட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதில்லீங்களா? ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துட்டா எல்லார்த்துக்கும் நிம்மதி."

டாக்டரம்மா போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அது சொல்லாம இருந்திருந்தா நேத்தே மருந்து எழுதி அனுப்பியிருப்பேன் கண்ணு. சொல்லிருச்சு. இப்ப என்னாலயும் விட முடியல" என்றார். சி.டி. கோயமுத்தூரில் எடுக்க வேண்டும். ரித்து அசையாமல் படுக்கமாட்டாள், அதனால் மயக்க மருந்து கொடுப்பார்கள். அதிலும் நிழல் தெரிந்தால், மற்ற சோதனைகளையும் செய்துவிட்டு ஆறு மாதம் தினமும் மாத்திரை. "நாளான்னிக்கு வந்து சொல்லுங்க" என்றார்.

இரண்டு டாக்டர்களும் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றே நினைக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அவளை மயக்கத்துக்கு அனுப்புகிறார்கள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

நான்காம் நாள் பிரபுவுக்கு அவிநாசிபாளையம் போகும் வழியில் ஒரு கம்பெனியில் வேலை இருந்தது. மாடியில் தனியாக உட்கார்ந்து ரித்துவின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க விருப்பமில்லாமல் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வழியில் தள்ளுவண்டியில் காளான் மசாலா. பிரபு இரண்டு தட்டு சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

கம்பெனியின் பேக்கிங் பகுதியில் ஒரு மெஷினைக் காட்டினார்கள். விமான நிலையத்தில் பெட்டி போகுமே, அதுபோல ஒரு பெல்ட். குழந்தைகள் துணி ஒவ்வொன்றும் அதன் வழியே போக வேண்டும். தைக்கும்போது உடைந்த ஊசி முனை எதிலாவது ஒட்டியிருந்தால் சத்தம் போட்டு நின்றுவிடும். நாங்கள் நிற்கும்போதே அது கத்தியது. பெல்ட்டின் முனையில் இருந்த பெண் அந்தத் துணியை எடுத்துத் திருப்பிப் போட்டாள், மறுபடியும் கத்தியது. தனியாக ஒரு கூடையில் போட்டாள்.

"ஊசி இருக்குதா?" என்று கேட்டேன்.

சூப்பர்வைசர் பழனிச்சாமி, "தெரியாதுங்க. பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். "சவுண்டு வந்துட்டா கண்ணுல பாத்து ஓகே பண்ணக் கூடாது, அதான் இங்க ரூலு. சில சமயம் ஊசியே இருக்காதுங்க. போன மாசம் ஒரு ஸ்டைலு வந்துது, பீஸுக்கு பீஸு கத்துது. மண்டை காஞ்சு போச்சு. கடைசியில பாத்தா பிரிண்ட்டுல மினுங்கறதுக்கு ஏதோ மெட்டல் பவுடர் போட்டிருக்கறான். மொத்தமும் ரிஜெக்ட்." பிறகு என் இடுப்பிலிருந்த ரித்துவைப் பார்த்துச் சிரித்தார். "அட, பாப்பா போட்டிருக்கறதே அந்த வாத்துதானுங்க!"

பெல்ட் முனையில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் இந்தியில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். "இந்தக் குழந்தையைப் பெல்ட்டில் விட்டால் மெஷினே உடைந்துவிடும்" என்று அவள் சொன்னது, மஸ்கட்டில் பழகிய இந்தியில் எனக்கும் புரிந்தது.

நான் ரித்துவின் நெஞ்சைப் பார்த்தேன். வாத்தின் இறக்கை இடது பக்கம் மேலே மடங்கியிருந்தது.

உடனே யாரிடமும் சொல்லவில்லை. படத்தில் விழுந்த சிவப்பு இந்த வாத்தாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்ததால், அந்த ஆசையின் மேலேயே சந்தேகம் வந்தது. காரில் திரும்பும்போது பிரபுவிடம் சொன்னேன். அவர் முதலில், "அந்தப் பிரிண்ட்ட நம்ம ஆர்டர்ல போட்டிருக்கானான்னு பாக்கணும்" என்றார். நான் ரித்துவின் பனியன் மடிப்பைத் தடவிப் பார்த்தேன். சிறிது நேரம் கழித்து, "மெட்டல்னா எக்ஸ்ரேல தெரியத்தானே செய்யும்?" என்றார். சரண்யாவுக்குப் போன் செய்தேன். மெட்டல் பவுடரைப் பற்றிச் சொன்னேன். அவள், "அக்கா, காலையில அந்தப் பனியனக் கொண்டு வாங்க. சார்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க மொதல்ல சொல்லீராதீங்க" என்றாள்.

ரித்துவிடமிருந்து பனியனை வாங்குவதற்கு ராதாமணி அக்கா இன்னொரு சாம்பிளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் கரடி இருந்தது, மின்னவில்லை.

ஐந்தாம் நாள் காலை, சரண்யா பனியனை மட்டும் எக்ஸ்ரே தட்டின் மேல் விரித்துப் படம் எடுத்தாள். திரையில் கறுப்பு. கறுப்பின் நடுவே மங்கலான வெள்ளையில் ஒரு இறக்கையும் ஒரு மூக்கும். மஞ்சள் உடம்பு விழவேயில்லை. நர்ஸ் பூங்கொடியக்கா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "அவரு கரெக்டாத்தான் பாத்திருக்காரு. வாத்துன்னு சொல்லத் தெரியல, அவ்வளவுதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், சரண்யா நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தாள்.

ஸ்கேன் சென்டர் டாக்டரை அப்போதுதான் நேரில் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். கோயமுத்தூரிலிருந்து அன்று நேரிலேயே வந்திருந்தார், கையில் சாப்பாட்டுப் பை. சரண்யா தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, குழந்தையின் படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இருக்குதுங்க" என்றார். "லேசா ஒரு கோடு மாதிரி. துணி மடிஞ்ச இடம். நான் நார்மல்னு எழுதினது சரியாத்தான் போச்சு. ஆனா இத நான் பாக்கவே இல்லீங்க. அது பாத்துருக்குது."

அப்படியானால் சி.டி. வேண்டாமா என்றேன்.

"இது வாத்துதான்னு நூத்துக்குத் தொண்ணூறு பங்கு சொல்லுவேன். மீதிக்கு, பனியன் இல்லாம இன்னொரு படம் எடுத்தா முடிஞ்சுது. சி.டி.யப் பாக்க இதுல கதிர் ரொம்பக் கம்மிங்க."

அங்கேதான் நான் சம்மதித்தேன். பிரபு தலையாட்டினார். ரித்து வெற்று உடம்போடு அந்தக் குளிர்ந்த தட்டில் நெஞ்சு பட்டதும் அழுதாள், அவள் கைகளை மறுபடியும் நான்தான் பிடித்தேன். படம் வந்தது. டாக்டர் குனிந்து பார்த்து, "சுத்தமா இருக்குது" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. நானும் சரண்யாவும் பூங்கொடியக்காவும் அவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு வரவில்லை.

"பாருங்க, அதுவும் ஒண்ணும் சொல்லல" என்று அவர் முகம் மலர்ந்தது.

குழந்தைகளின் படத்துக்கு அதை நம்பக்கூடாது என்று டாக்டரம்மா போனில் சொன்னபோது இவர் மறுக்கவில்லை. இருக்கிறது என்று சொன்னபோது நம்பாதவர்கள், இல்லை என்றதும் நம்பினார்கள். குறையாகச் சொல்லவில்லை, அந்த நிமிடம் எனக்கும் கண்ணில் நீர் வந்தது அது சொன்ன பிறகுதான்.

டாக்டரம்மா சி.டி.யை விட்டுவிட்டார். மருந்து எழுதினார், ஒரு மாதம் கழித்து எடை பார்க்கச் சொன்னார். இருமல் நிற்காவிட்டால் எந்த ஊரில் இருந்தாலும் டாக்டரிடம் காட்டச் சொன்னார். நாங்கள் மருந்து வாங்கிக்கொண்டு ஸ்கேன் சென்டர் வழியாகத் திரும்பியபோது எக்ஸ்ரே அறைக் கதவில் சரண்யா கையால் எழுதி ஒட்டியிருந்தாள்: பனியனையும் கழற்றவும். வெளியே ஒரு பெரியவர் அவளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "நாப்பது வருசமா பனியன் கம்பெனி வெச்சிருக்கறேன். எனக்கே பனியனப் பத்திச் சொல்றியா?" சரண்யா, "சரிங்க அப்புச்சி, கழட்டிட்டுச் சொல்லுங்க" என்றாள்.

நாகர்கோவிலில் நான்கு நாள் இருந்தோம். அம்மா ரித்துவுக்கு ஊட்டிய வேகத்தில் எடை கொஞ்சம் ஏறியது.

இப்போது மஸ்கட்டில் இருக்கிறோம். இருமல் பெரும்பாலும் போய்விட்டது, காலையில் எழுந்ததும் மட்டும் நாலைந்து தடவை வருகிறது. சாதாரணச் சளி இருமல் போலத்தான் இருக்கிறது. நான் அதைக் கேட்காதவள்போல் இருந்துகொண்டே கேட்கிறேன். வரும் வியாழக்கிழமை இங்கே டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். முன்பு எடுத்த படங்கள் இருந்தால் கொண்டு வரச் சொன்னார்கள். போனில் பேசிய நர்ஸ், தங்களிடமும் படத்தைக் கணினியே படிக்கும் வசதி வந்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்.

பனியன் இல்லாமல் எடுத்த இரண்டாவது படம் மட்டும் போதும் என்கிறார் பிரபு. அது சுத்தமான படம், உண்மையான படம். முதல் படத்தைக் காட்டினால் சிவப்புத் திட்டை அவர்களும் பார்ப்பார்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் டாக்டரம்மாவைப் போல அவர்களாலும் அதை விட முடியாமல் போகலாம். வாத்தைப் பற்றி நான் சொல்வதை நம்புவார்களா, அல்லது பயந்த தாய் ஒருத்தி கதை கட்டுகிறாள் என்று நினைப்பார்களா? காட்டாமல் விட்டால், அந்தத் தொண்ணூறு போக மீதிக்கு நான் பொறுப்பாகிவிடுகிறேன்.

மருத்துவமனையில், ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் வாசகர்கள் யாராவது இதைப் படித்தால் வியாழக்கிழமைக்குள் இரண்டு வரி எழுதுங்கள். என்னைப் போன்ற ஒருத்தி வந்தால் உங்களுக்கு எதைப் பார்க்க வேண்டியிருக்கும்? அந்த வாத்துப் பனியனின் எக்ஸ்ரேயும் என்னிடம் இருக்கிறது. மூன்றையும் மேசையில் வைத்தால் சிரிக்காமல் பார்ப்பீர்களா? எதை முதலில் எடுத்து நீட்டட்டும்?